ஆடும் பாதமும் அணியும் காலணியும்

மணிக்கட்டை உட்புறமாக மடக்கிக்கொண்டு, மறு கையால் கட்டைவிரலை மெல்ல அழுத்திப் பாருங்கள். விரல் முன்கையைத் தொட்டுவிடுகிறதா? சுண்டுவிரல் பின்புறமாக 90 பாகைக்கு மேல் வளைகிறதா? முழங்கையும் முழங்காலும் நேர்கோட்டைத் தாண்டி 10 பாகைக்கு மேல் பின்னோக்கிச் செல்கின்றனவா? இந்த நான்கையும் வலம், இடம் எனத் தனித்தனியே எண்ணினால் எட்டு மதிப்பெண். முழங்காலை மடக்காமல் குனிந்து இரு உள்ளங்கைகளையும் தரையில் பதிக்க முடிந்தால் இன்னும் ஒன்று. பெய்ட்டன் என்ற மருத்துவ அறிஞரின் பெயரால் வழங்கும் இந்த ஒன்பது மதிப்பெண் அளவை 1973-ல் உருவானது. வளர்ந்தவர் ஒருவர் ஐந்தோ அதற்கு மேலோ பெற்றால் அவருடைய மூட்டுகளில் மிகைநெகிழ்வு உண்டு எனக் கொள்கிறார்கள்.

எனக்கு ஏழு. பள்ளி நாட்களில் விரலை வளைத்துக் காட்டித் தோழிகளைப் பயமுறுத்தியதோடு சரி. 33 வயதில், செவ்வாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு அருகே நடந்த பரதநாட்டிய வகுப்பில் சேர்ந்தபோது, "இப்படி வளையும் உடம்பு ஒரு வரம்" என்றார்கள். ஆறு மாதத்தில் கணுக்கால் மூன்று முறை சுளுக்கிக்கொண்டது. அவற்றுள் இரண்டு, ரயிலுக்கு ஓடும்போது சமதரையிலேயே நேர்ந்தவை. வரம் ஏன் இப்படி வினையாயிற்று? இயற்பியல் கற்பிக்கும் எனக்கு அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றியது.

எலும்பையும் எலும்பையும் பிணைப்பது இணைப்புநார். இது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத இழைகளால் ஆனது. ஓய்வு நிலையில் இவ்விழைகள் நெளிநெளியாக இருக்கும். இழுக்கும்போது முதலில் நெளிவுகள் நிமிரும். அதுவரை சிறு விசைக்கே நார் நீளும். நெளிவு தீர்ந்தபின் அது சட்டென்று விறைத்து, 'இதற்கு மேல் வராதே' என்று மூட்டைத் தடுத்து நிறுத்தும். துணி காயப்போடும் கொடிக்கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். தொய்வாகக் கட்டிய கயிறு வெகுதூரம் தாழ்ந்த பிறகுதான் துணியின் பாரத்தைத் தாங்கும். மிகைநெகிழ்வு உள்ளவருக்கு அந்தத் தடை தாமதமாக வருகிறது. கணுக்கால் புரளத் தொடங்கியபின் நார் இறுகுவதற்குள் பாதி விபத்து நடந்து முடிந்துவிடுகிறது. மேலும், மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குத் தெரிவிக்கும் உணர்வும் இவர்களில் பலருக்குச் சற்று மந்தமாக இருக்கக் காண்கிறார்கள். கண்ணை மூடி ஒற்றைக்காலில் நின்றால் இது விளங்கும். முதல் நாள் நான் ஆறு நொடி நின்றேன்!

கயிறு தொய்வாக இருந்தால் கம்பத்தை வேறு யார் பிடிப்பது? தசைகள்தாம். அவற்றுக்கு எவ்வளவு வேலை என்று பார்ப்போம். என் எடை 55 கிலோகிராம். அதாவது ஏறத்தாழ 540 நியூட்டன் விசை. ஒரு காலில் குதிகாலைத் தூக்கி நிற்கும்போது இந்த எடை முழுவதும் பாதத்தின் முன்பகுதியில் இறங்குகிறது. என் பாதத்தில் அந்த இடம் கணுக்கால் மூட்டிலிருந்து சுமார் 12 செ.மீ. முன்னால் உள்ளது. குதிகால் தசைநாண் மூட்டுக்குச் சுமார் 5 செ.மீ. பின்னால். நெம்புகோல் விதிப்படி இரு பக்கத் திருப்புத்திறன்களும் சமமாக வேண்டும். ஆகவே தசைநாண் இழுக்கும் விசை 540 × 12 ÷ 5, அதாவது சுமார் 1,300 நியூட்டன். இதனுடன் உடல் எடையும் சேர, கணுக்கால் மூட்டின்மேல் 1,800 நியூட்டனுக்கு மேல் அழுத்துகிறது. அசையாமல் நிற்கும்போதே இப்படி! குதித்து மெட்டு அடவில் துள்ளி விரல்முனையில் இறங்கும்போது விசை இன்னும் கூடும். சிமெண்டுத் தரையானால் சொல்லவே வேண்டாம்.

பரதநாட்டியக்காரருக்குக் காலணி இல்லை. பாலே ஆடுவோருக்கு உண்டு. அதன் கதை நம் ஊருக்கும் தொடர்புடையது. 1832-ல் பாரிசில் மரீ தாக்லியோனி விரல்நுனியில் நின்று ஆடியபோது அணிந்தது மெல்லிய பட்டுச் செருப்புதான். முனையில் போட்ட நூல் தையலே அதற்குப் பலம். பின்னர் வந்த ரஷ்யக் கலைஞர் அன்னா பாவ்லோவாவுக்குப் பாதத்தின் வளைவு மிக அதிகம். பார்க்க அழகு, ஆனால் எளிதில் காயப்படக்கூடியது. அவர் தம் காலணிக்குள் கெட்டித் தோல் வைத்து, முனையைத் தட்டையாகவும் கடினமாகவும் ஆக்கிக்கொண்டார். இன்றைய முனைக்காலணிக்கு அதுவே முன்னோடி. அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் பாலே பயின்ற ருக்மிணி தேவிதான் பின்னர் பரதநாட்டியத்துக்கு வந்து, 1936-ல் சென்னையில் கலாக்ஷேத்ராவை நிறுவினார்.

முனைக்காலணி என்ன செய்கிறது? ஈரப் பாதத்தை வரைபடத்தாளில் பதித்துக் கட்டங்களை எண்ணினேன். இரு பாதங்களும் சேர்ந்து சுமார் 200 சதுர செ.மீ. தரையைத் தொடுகின்றன. முனைக்காலணியின் தட்டை நுனியை 10 சதுர செ.மீ. என்று கொண்டால், ஒற்றைக்காலில் நிற்கும்போது தரைமேல் அழுத்தம் இருபது மடங்காகிறது. துணி, தாள், பசை ஆகியவற்றை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த கூடு விரல்களைச் சுற்றிப் பிடித்து, இப்பாரத்தைப் பாதத்தின் பக்கங்களுக்கும் பகிர்ந்து தருகிறது. அவ்வளவே. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் அணியும் எஃகு முனைக் காலணி வெளியிலிருந்து விழும் பாரத்தைத் தடுத்துவிடும். முனைக்காலணியோ உள்ளிருந்து இறங்கும் பாரத்தை முழுவதும் ஏற்காது. பாதம்தான் ஏற்க வேண்டும்.

நெகிழ்ந்த பாதம் இக்காலணியின் நுனியைத் தாண்டி முன்னே சாய்ந்துவிடும். ஆகவே விறைப்பான நடுத்தகடும், விரல் மூட்டுகளை நன்கு மூடும் உயர்ந்த முன்பகுதியும் கொண்டதைத் தேர்வர். வியர்வையில் பசை இளகி மெத்தென்றானபின் அதை அணிந்து ஆடக்கூடாது. ஆனால் வயதுவந்தபின் தொடங்குவோர் முதலில் வாங்க வேண்டியது இதுவன்று, மென்காலணிதான். அதில் அடித்தோல் முழுநீளமாக உள்ளதும், நடுவில் பிளவுபட்டதும் என இருவகை. பிளவுபட்டது வளைவை எடுப்பாகக் காட்டும் என்று பலரும் ஆசைப்படுவார்கள். நமக்கு முழுநீளமே நல்லது. அதை வளைக்கப் பாதம் சற்று உழைக்க வேண்டியிருக்கிறது; அந்த உழைப்பே பயிற்சி.

எந்தக் காலணியானாலும் நின்றுகொண்டு அளவு பார்க்க வேண்டும். உட்கார்ந்து பதித்த ஈரத் தடத்தையும் நின்று பதித்ததையும் ஒப்பிட்டேன். நின்றபோது என் பாதம் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நீண்டிருந்தது! பாரம் ஏறியதும் வளைவு தணிவதே காரணம். வெறுங்காலில் ஆடுவோரும் பகல்நேரச் செருப்பைக் கவனிக்க வேண்டும். குதிகாலைச் சுற்றிப் பிடிப்பதாகவும், விரல்களின் அடியில் மட்டும் மடங்குவதாகவும் இருக்கட்டும். ஈரத்துணி போல் முறுக்க வருகிற செருப்பு நமக்கு ஆகாது.

இனி, பாதத்துக்கு வலுவூட்டுவது. விரல்களைச் சுருட்டாமல், முன்பாதத்தைக் குதிகாலை நோக்கி இழுத்து வளைவை உயர்த்தி ஐந்து நொடி நிறுத்துங்கள். முதலில் எதுவுமே அசையாது; மனம் தளர வேண்டாம். அடுத்தது குதிகால் உயர்த்தல். சுவரைத் தொட்டபடி, இரு குதிகால்களுக்கிடையே ஒரு டென்னிஸ் பந்தை இடுக்கிக்கொண்டு, இரண்டு நொடியில் ஏறி மூன்று நொடியில் இறங்குங்கள். கணுக்கால் வெளிப்புறம் சாய்ந்தால் பந்து விழுந்து காட்டிக் கொடுத்துவிடும். வாரம் மூன்று நாள், பத்து முறையில் தொடங்கினால் போதும். நிற்கும்போது முழங்காலைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டாதீர்கள். அரைமண்டியில் காலைத் திருப்புவது இடுப்பிலிருந்து வர வேண்டும். பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் வளைவு உட்புறம் சரிகிறது. எங்களைப் போன்றோர் செய்யக்கூடாதது ஒன்றுண்டு: ஏற்கெனவே வளைவதை இன்னும் வளைத்துப் பார்ப்பது.

மூட்டு அடிக்கடி விலகினாலோ, வலி வாரக்கணக்கில் நீடித்தாலோ, தோலும் மிகையாக இழுபட்டு எளிதில் கன்றிப்போனாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். இணைப்புத் திசுவையே பாதிக்கும் பரம்பரைக் கோளாறுகள் சில உள்ளன. அவற்றைப் பயிற்சியால் மட்டும் சமாளிக்க இயலாது.

மூன்று மாதம் கழித்து அதே தாளில் மறுபடியும் தடம் பதித்தேன். உட்கார்ந்த தடத்துக்கும் நின்ற தடத்துக்கும் அதே 7 மில்லிமீட்டர் வேறுபாடு. நார் இறுகவில்லை, இறுகும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்பது மட்டும் ஆறு நொடியிலிருந்து இருபத்தைந்து நொடியாகியிருந்தது.