இரயிலிலும் ஃபெரியிலும் காஞ்சனபுரி வரை

கோலாலம்பூரிலிருந்து பேங்காக்கிற்கு விமானத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான். சலுகைக் காலத்தில் சீட்டு வாங்கினால் செலவும் குறைவு. அப்படியிருக்க, பருவ விடுமுறையில் நாங்கள் ஐவரும் இரயிலில் போகிறோம் என்றதும் வீட்டிலும் விடுதியிலும் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எதற்கு இந்த வீண் வேலை?" அதற்கான பதில்தான் இக்கட்டுரை. நீங்களும் இவ்வழியில் புறப்பட விரும்பினால் ஒரு வழிகாட்டியாகவும் இதைப் பயன்படுத்திக் கொள்ளலாம்.

வடக்கு நோக்கி

கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மின்சார இரயிலில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் பிடிக்கும். நிலையத்திலிருந்து நடந்தே ஃபெரித் துறைக்குப் போய்விடலாம். பினாங்கு ஃபெரிச் சேவை 1894ஆம் ஆண்டில் தொடங்கியது. கார்களையும் ஏற்றிச் சென்ற பழைய பெரிய ஃபெரிகள் ஓய்வு பெற்றுவிட்டன. 2023 ஆகஸ்டு முதல் ஓடும் புதிய படகுகள் பயணிகளையும் மோட்டார் சைக்கிள், சைக்கிள்களையும் மட்டுமே ஏற்றுகின்றன. நாங்கள் கொடுத்த கட்டணம் ஆளுக்கு 2 ரிங்கிட். கால் மணி நேரம்கூட ஆகாத பயணம்தான். ஆனாலும் கடற்காற்றில் நின்றபடி ஜார்ஜ் டவுன் நெருங்கி வருவதைப் பார்ப்பதற்கு அந்த 2 ரிங்கிட் தகும். ஓர் இரவு அங்கே தங்கி, நாசி கண்டார் சாப்பிட்டு, மறுநாள் மீண்டும் பட்டர்வொர்த் வந்து சேர்ந்தோம்.

பட்டர்வொர்த்திலிருந்து தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசாருக்கு கொம்யூட்டர் இரயில் உண்டு. கட்டணம் 11 ரிங்கிட் சொச்சம். முன்பு பட்டர்வொர்த்திலிருந்தே பேங்காக்கிற்கு நேரடி இரயில் இருந்தது. 2016 இறுதியிலிருந்து அது பாடாங் பெசாரோடு நின்றுகொள்கிறது. அங்கே ஒரே நிலையத்துக்குள் இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் முடிந்துவிடும். இரண்டு செய்திகளை நினைவில் கொள்ளுங்கள். முதலாவது, தாய்லாந்து நேரம் நம் நேரத்துக்கு ஒரு மணி பின்தங்கியது. அவர்களின் மாலை 5 மணி நமக்கு 6 மணி. இரண்டாவது, 2025 மே முதல் தாய்லாந்தின் வருகை அட்டையை முன்கூட்டியே இணையத்தில் நிரப்ப வேண்டும்.

இரவு இரயிலில் இரண்டாம் வகுப்புப் படுக்கைக்கு ஆயிரம் பாட் அளவில் ஆனது. மேல் படுக்கை கீழ்ப் படுக்கையைவிட மலிவு; ஆனால் அகலமும் குறைவு. ஐவரும் சீட்டுக் குலுக்கி யாருக்கு எது என்று முடிவு செய்தோம். பணியாளர் வந்து இருக்கைகளைக் கட்டிலாக்கி, வெள்ளை விரிப்பு விரித்து, திரையும் போட்டுவிடுகிறார். சைவ உணவுக்காரர்கள் 'ஜே' என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டால் போதும். இறைச்சியோ முட்டையோ சேராத உணவை அங்கே அப்படித்தான் கேட்பார்கள்.

கணக்குப் பார்த்தால், போகும் வழிப் பயணச் சீட்டுகள் எல்லாம் சேர்ந்து ஒருவருக்கு 300 ரிங்கிட்டைத் தாண்டவில்லை. விமானம் சில நாள்களில் இதைவிட மலிவாகக் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் படுக்கைச் சீட்டு ஓர் இரவு விடுதிச் செலவை மிச்சப்படுத்துகிறது.

ஒரு மீட்டர் அகலம்

மலேசியா, தாய்லாந்து, மியன்மார் ஆகிய மூன்று நாடுகளிலும் தண்டவாளத்தின் அகலம் ஒரு மீட்டர்தான். ஆகவே ஒரு நாட்டுப் பெட்டி இன்னொரு நாட்டுப் பாதையிலும் ஓடும். இந்தச் சிறிய தொழில்நுட்பச் செய்திக்குப் பின்னால் நம் இனத்தின் பெருந்துயரம் ஒன்று இருக்கிறது.

1942இல் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்துக்கு இரயில் பாதை போட ஜப்பானியர்கள் முடிவு செய்தனர். கடல்வழி அவர்களுக்குப் பாதுகாப்பாக இல்லை. மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையின் சில பகுதிகளைப் பெயர்த்தெடுத்து அங்கே கொண்டுபோனார்கள். ஆள்களையும் அவ்வாறே கொண்டுபோனார்கள். தோட்டப்புறத் தமிழர்களிடம் தொடக்கத்தில் நல்ல கூலி, சில மாத வேலை என்று சொன்னார்கள். பிறகு வலுக்கட்டாயமாகப் பிடித்துச் சென்றார்கள். சரக்குப் பெட்டிகளில் அடைத்து, பல நாள் பயணத்துக்குப் பிறகு பான் போங் பக்கம் இறக்கினார்கள். நாங்கள் வெள்ளை விரிப்பில் உறங்கிக்கொண்டே கடந்ததும் அதே தென்பாதைதான்.

1943 அக்டோபரில் பாதை முடிந்தது. வேலை செய்த 60,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளில் 12,000க்கும் அதிகமானோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு இலட்சத்துக்கு மேல் இருந்திருக்கலாம் என்றும், அவர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றும் கணிக்கப்படுகிறது. தமிழர், பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் எனப் பலரும் இதில் அடங்குவர். காலராவும் பட்டினியும் மலேரியாவும்தான் பெரும்பாலோரைக் கொண்டுபோயின.

காஞ்சனபுரியில்

பேங்காக்கில் ஒரு நாள் தங்கிய பின், விடியற்காலையில் சில பாட் கொடுத்துப் படகில் சாவ் பிரயா ஆற்றைக் கடந்தோம். அக்கரையில் சற்று நடந்தால் தோன்புரி நிலையம். அங்கிருந்து நாம் தோக் செல்லும் இரயில் நாளுக்கு இருமுறை புறப்படுகிறது. மூன்றாம் வகுப்பு மட்டுமே; மின்விசிறியும் திறந்த சன்னலும்தான் வசதி. வெளிநாட்டவருக்குக் கட்டணம் 100 பாட். ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் காஞ்சனபுரி வந்துவிடும்.

அங்குள்ள பாலத்தில் வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. நடுவில் கோண வடிவில் இருப்பவை, குண்டுவீச்சில் அழிந்த பகுதிக்குப் போருக்குப் பின் மாற்றாக வைக்கப்பட்டவை. பாலத்தைத் தாண்டி வாங் போ அருகே மலைச்சரிவை ஒட்டி மரக்கால்கள் மேல் இரயில் மெல்ல ஊர்ந்து போகிறது. எல்லாரும் கைப்பேசியை நீட்டிப் படம் பிடித்தார்கள். நாங்களும் பிடித்தோம்.

ஆனால் எங்களை நிறுத்தி வைத்தது, நிலையத்துக்கு அருகிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டம். ஏறத்தாழ 7,000 கல்லறைகள். ஒழுங்காக வெட்டிய புல். பெரும்பாலான கல்லறைகளில் பெயர், படைப்பிரிவு, வயது. எங்களில் ஒருவனுடைய பூட்டனார் கெடாத் தோட்டமொன்றிலிருந்து சயாமுக்குப் போய்த் திரும்பாதவர். அவன் வரிசை வரிசையாக நடந்து பார்த்துவிட்டு வந்து, "நம்ம ஆளுங்க பேரு ஒன்னுகூட இல்லடா" என்றான். இருக்காது. அது நேச நாட்டுப் படையினருக்கான இடம். படையினரிடம் பட்டியல் வைக்க அதிகாரிகள் இருந்தார்கள். இறந்தவர் பெயரை ஒளித்துவைத்தாவது எழுதினார்கள். தோட்டத் தொழிலாளிக்கு அப்படிப் பட்டியல் எழுத யாரும் இல்லை. பெரும்பாலோர் காட்டிலேயே கூட்டமாகப் புதைக்கப்பட்டார்கள்.

பக்கத்திலுள்ள வாட் தாவோர்ன் வராராம் என்ற பௌத்த ஆலயத்தில் 2023இல் தமிழர்களுக்காக ஒரு நடுகல் நிறுவப்பட்டது. அங்கே மலர் வைத்துச் சற்று நேரம் நின்றோம். கல் வந்துவிட்டது, அந்தக் கல்லில் பொறிக்கத்தான் நம்மிடம் பெயர்கள் இல்லை.

புறப்படும் முன்

நண்பர்களே, இந்தப் பயணத்துக்குப் பெரிய பணம் வேண்டாம். ஒரு வார விடுப்பு, ஒரு முதுகுப்பை, ஒத்துப்போகும் நண்பர்கள் போதும். கால அட்டவணையை மட்டும் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' நாவலைப் படித்துவிட்டுப் போனால் காணும் இடங்கள் வேறுவிதமாகப் பேசும்.

இன்னொன்றும் செய்யுங்கள். 1943இல் இருபது வயதாக இருந்தவர் இன்று நூறைக் கடந்திருப்பார். அவர்களின் பிள்ளைகளே எண்பதை எட்டியவர்கள். சயாமுக்குப் போனவர் பெயர் என்ன, எந்தத் தோட்டம், யாரோடு போனார், திரும்பினாரா என்ற நான்கு கேள்விகளை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பதில்களை நம் மொழிக் கழகமே திரட்டிப் பாதுகாக்கலாம். எண்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்படாமல் போன பட்டியலை, முழுமையாக இல்லாவிட்டாலும், நம்மால் இன்னும் தொடங்க முடியும்.