மீனுக்கு எல்லை உண்டோ?

பொம்மிடிக்குத் தெற்கே சேர்வராயன் மலையில் பெய்யும் மழையில் ஒரு பகுதி வாணியாறாகப் பெருகித் தென்பெண்ணையைச் சேர்கிறது. அத்தென்பெண்ணை கருநாடகத்து நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து வருவது. மாவட்டத்தின் மேற்கு ஓரத்திலோ காவிரி, ஒகேனக்கல்லில் ஒரு கரையைக் கருநாடகத்துக்கும் மறு கரையைத் தமிழகத்துக்கும் அளித்துவிட்டு நடுவே பாய்கிறது. ஆகவே, இம்மாவட்டத்தார் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் இரண்டு அரசுகளுக்கு உரிய ஆறு ஒன்றன் கரையிலேயே போய் நிற்கிறோம். இவ்வாறுகளின் நீர் யாருக்கு எவ்வளவு என்ற வழக்கை நேயர்கள் நன்கு அறிவர். நீருக்குள் வாழும் மீனை யார் காப்பது என்ற வழக்கு மட்டும் எந்த மன்றத்திலும் பெரிதாக எழுந்ததில்லை. அதைப் பற்றியே இன்று பேசப் புகுந்தேன்.

இவ்வழக்கு மிக முற்றிய இடம் வட அமெரிக்காவின் மேற்குக் கரை. அங்கே சால்மன் என்றொரு மீன் உண்டு. மலையடிவாரத்து ஓடையில், கூழாங்கற்களுக்கு இடையே பொரித்து, ஆற்றோடு இறங்கிக் கடலை அடைந்து, அங்கே சில ஆண்டுகள் உண்டு கொழுத்து, பின்னர்த் தான் பிறந்த ஓடையையே தேடி எதிர்நீச்சலிட்டு ஏறும். முட்டையிட்டதும் பசிபிக் சால்மன் மடிந்துவிடும். அந்த நெடும் பயணத்தில் அது கடக்கும் நாடுகள் எத்தனை, சட்டங்கள் எத்தனை என்பது அதற்குத் தெரியாது. அம்மீனை உண்டு வாழ்ந்த பழங்குடியினருக்கும் முன்பு தெரியாதுதான். 1846-ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்று 49-ஆம் அட்சக்கோட்டை எல்லையாக வகுத்தது. ஒரே மொழி பேசிய ஒகனாகன் மக்களில் ஒரு பகுதியினர் இன்று கனடாவிலும், மற்றொரு பகுதியினர் அமெரிக்காவிலும் இருக்கின்றனர். (ஒகனாகன் என்ற பெயர் நம் ஒகேனக்கல்லை நினைவூட்டும், ஓசை ஒற்றுமையன்றி வேறு உறவு ஒன்றுமில்லை.)

ஒகனாகன் ஆறு கனடாவில் தோன்றி, அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றோடு கலக்கிறது. அதில் முட்டையிடும் சாக்கை என்னும் சால்மன், கடலிலிருந்து ஏறும் வழியில் கொலம்பியாவின் ஒன்பது அணைகளைத் தாண்ட வேண்டும். அணைகளில் மீன்கள் படிப்படியாக ஏறிச் செல்ல நீர்ப்படிகள் அமைத்திருக்கிறார்கள். இருந்தும், 1990-களில் சில ஆண்டுகளில் இம்மீன் சில ஆயிரங்களாகவே குறைந்து போயிற்று. அப்போது கனடாப் பக்கத்து ஒகனாகன் பழங்குடிகளின் கூட்டமைப்பு முன்வந்தது. தடைப்பட்டுக் கிடந்த மேல் ஏரிகளுக்கு மீனை மீண்டும் கொண்டு செல்ல வேண்டும் என்றது. அதனால் நோய் பரவுமோ என்று அதிகாரிகள் அஞ்சினர். பழங்குடியினர் சினந்து எழுந்துவிடவில்லை. அவ்வச்சத்தை ஆராய்ந்து பார்த்துவிடுவோம் என்று ஒப்புக்கொண்டு, ஆய்வு முடிந்தபின், 2004 முதல் ஸ்காகா ஏரியில் மீன்குஞ்சுகளை விடத் தொடங்கினர். 2014-இல் பென்டிக்டன் நகரத்தருகே அவர்களுடைய குஞ்சுப் பொரிப்பகம் திறக்கப்பட்டது. அதற்குப் பெரும் பொருள் கொடுத்தவை எல்லைக்கு அப்பால், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அணைகளை நடத்தும் மின்சார அமைப்புகள். தம் அணைகளால் ஏற்பட்ட சேதத்துக்கு அவர்கள் ஈடு செய்ய வேண்டும். மீன் பிறக்கும் இடமோ அடுத்த நாட்டில். ஆகவே பணம் எல்லை தாண்டிற்று.

பொரிப்பகத்தைக் காட்டிலும் நமக்குப் பாடமாவது மற்றொரு செய்தி. சாக்கை இலையுதிர் காலத்தில் சரளைக்கற்களில் முட்டையிடும். முட்டைகள் குளிர்காலம் முழுவதும் கல்லுக்கடியில் கிடக்கும். அந்நாட்களில் அணைக்காரர் திடீரென நீரைக் குறைத்தால் முட்டை காய்ந்து போகும்; திடீரெனத் திறந்தால் சரளையோடு அடித்துச் செல்லப்படும். மீன்வல்லாரும் நீர்ப்பொறியாளரும் பழங்குடியினரும் ஒன்றாக அமர்ந்து, ஏரியின் நீர்மட்டம், பனி உருகும் அளவு, முட்டையின் வளர்ச்சி ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டு நீரைத் திறக்கும் முறையொன்றை வகுத்தனர். உழவருக்கும் ஊருக்கும் உரிய நீர் அப்படியே கிடைத்தது. திறக்கும் வேளையும் வேகமுமே மாறின. 2022-இலும் 2024-இலும் கொலம்பியாவில் ஏறிய சாக்கை 6 இலட்சத்தைக் கடந்தது. அவற்றுள் பெரும்பகுதி ஒகனாகனுக்கு உரியவை. எனினும், 2015 கோடையில் ஆற்று நீர் சூடேறி இலட்சக்கணக்கான மீன்கள் வழியிலேயே மாண்டதையும் மறைப்பதற்கில்லை.

எல்லா இடத்திலும் கதை இவ்வாறு முடியவில்லை. கனடாவில் தோன்றி அலாஸ்காவைக் கடந்து, 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் யூகான் ஆற்றில் சினூக் என்னும் பெருமீன் 2022-இல் சுமார் 12,000 மட்டுமே கனடா எல்லையை எட்டிற்று. 2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் ஏழாண்டுகளுக்கு அம்மீனைப் பிடிப்பதையே நிறுத்தின. ஏழாண்டு என்பது அம்மீனின் ஓர் ஆயுள். அவ்வாற்றுப் பழங்குடிகள் 2014-லேயே தமக்கென ஒரு மீன் ஆணையம் அமைத்திருந்தும், கையொப்பமிட்டவை அரசுத் துறைகளே. புகையிட்டு உலர்த்திய மீனைக் குளிர்காலத்துக்குச் சேமித்த குடும்பங்களின் பரண்கள் இப்போது வெறுமையாக உள்ளன.

இனி நம் காவிரிக்கு வருவோம். நம் ஆற்றிலும் கடலிலிருந்து ஏறிய மீன் உண்டு. உள்ளம் என்று தமிழிலும், இலிஷ் என்று வங்கத்திலும் வழங்கும் மீன் காவிரியில் ஏறி வந்து முட்டையிட்டதுண்டு. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் மேல் காவிரியில் அதன் வரவு நின்றது. இஃது இழந்துவிட்ட செல்வம். இழவாமல் நிற்பது மகசீர். கெண்டை இனத்தின் பேரரசன் என்றே சொல்லலாம். முதுகு திமில்போல் உயர்ந்து, துடுப்பு செம்மஞ்சளாய்ப் பொலியும் காவிரி மகசீர் உலகில் வேறெந்த ஆற்றுத் தொகுதியிலும் இல்லை. 1946-இல் காவிரியின் கிளையான கபினியில் மைசூர் வான் இங்கன் பிடித்த மீன் 120 ராத்தல் எடை. வெடிவைத்துப் பிடித்தல், அணைகள், மணல் அள்ளல் ஆகியவற்றோடு, 1970-களுக்குப் பின் வேற்றிடத்து நீலத்துடுப்பு மகசீரின் குஞ்சுகளைக் கொணர்ந்து விட்டதும் இதனை நலிவித்தது. இத்தனை புகழ் பெற்ற மீனுக்கு உறுதியான அறிவியற் பெயர் 2018-இல்தான் வாய்த்தது. பெயரில்லாத ஒன்றைப் பட்டியலில் சேர்ப்பது எங்ஙனம்? பெயர் கிடைத்த அவ்வாண்டே அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனமென அறிவிக்கப்பட்டது.

இம்மீன் இருந்த இடங்களைப் பாருங்கள்: கேரளத்துப் பாம்பாறு, நீலகிரிச் சாரலின் மோயாறு, கருநாடகத்துக் காவிரி. மூன்று மாநிலங்கள். கருநாடகக் கரையில் காவிரி வனவிலங்குச் சரணாலயம் 1987-இல் அமைந்தது. நம் கரையில் காவிரி வடக்குச் சரணாலயம் 2014-இலும், தெற்குச் சரணாலயம் 2022-இலும் அமைந்தன. இரு கரைக்கும் இரு துறை, இரு விதி. ஒகேனக்கல்லின் பரிசல்காரரும் மீனவரும், மாதேசுவரன் மலைச் சோளகரும், மோயாற்றங்கரை இருளரும் இவ்வாற்றின் மடுக்களையும் பாறைகளையும் கைரேகைபோல் அறிந்தவர்கள். சோளகரும் இருளரும் எல்லைக் கோட்டின் இரு பக்கத்திலும் உறவு கொண்டாடுபவர்கள். இவ்வகையில் அவர்கள் நிலை ஒகனாகன் மக்களின் நிலையே.

சட்டமும் அவர்களைக் கைவிட்டுவிடவில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், வனவாழ் மக்களுக்கு மீன் முதலிய நீர்ப்பொருள்களின் மீது சமுதாய உரிமை அளிக்கிறது. அதன் ஐந்தாம் பிரிவு, வனவிலங்கையும் நீர்நிலையையும் காக்கும் அதிகாரத்தைக் கிராமசபையிடமே ஒப்படைக்கிறது. 2011-இல் பிளிகிரிரங்கன் மலைச் சோளகர், புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமுதாய உரிமை பெற்றனர். ஆயின், ஒரு கிராமசபையின் அதிகாரம் அதன் எல்லையோடு முடிகிறது; மீனின் பயணம் முடிவதில்லை. இரு கரைச் சபைகளும் கூடிப் பேசும் மேடை ஒன்று வேண்டும். அம்மேடைக்கு அணைநீர் திறப்போர் செவிசாய்க்கவும் வேண்டும்.

அது நடவாத காரியமன்று. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் தந்த தீர்ப்பிலேயே 10 டி.எம்.சி. நீர் சுற்றுச்சூழலுக்கென ஒதுக்கப்பட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என வரையறுத்தது, மேலாண்மை ஆணையமும் அவ்வாண்டே அமைந்தது. ஒகேனக்கல்லுக்கு மேலே பிலிகுண்டுலுவில் அந்நீர் அளக்கப்படுகிறது. மகசீர் முட்டையிட நாடுவது பருவமழை வெள்ளத்தை. வெள்ளம் வடியும் வேகம் குஞ்சுகளின் உயிரைத் தீர்மானிக்கும். எந்த மடுவில், எந்தச் சரளைத் திட்டில், எந்தக் கிழமைகளில் முட்டை கிடக்கிறது என்று அந்த அளவு நிலையத்துக்குச் சொல்லக்கூடியவர், அதே கரையில் பரிசல் தள்ளிக்கொண்டிருக்கிறார்.