மின்பூட்டும் சேமிப்புக் கலமும்

அடைத்தலும் திறத்தலும் கதவின் இரு கடமைகள். விரலடையாளமோ அட்டையோ கண்டு திறக்கும் மின்பூட்டு இவ்விரண்டிற்கும் மின்சாரத்தையே நம்பியுள்ளது. 2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் நேர்ந்த தடையால் நாடே இருண்டது. ஆதலின் பதுளைப் பாடசாலைக்கும் ஊவாத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்கும் மாற்று மின்வலு இன்றியமையாததாகும்.

மின்பூட்டு இருவகைப்படும். மின்காந்தப் பூட்டு மின்சாரம் அற்றவுடன் திறந்துவிடும். மற்றையது அற்றபோதும் பூட்டியே நிற்கும். முன்னது மக்கள் கூடும் மண்டபத்துக்கும், பின்னது களஞ்சியத்துக்கும் பொருந்தும். பின்னதிலும் உள்ளிருப்போர் கைப்பிடியால் வெளியேற வழியிருத்தல் வேண்டும்.

கலத்தின் அளவு கணக்கினால் துணியப்படும். மின்காந்தப் பூட்டு 0.5 அம்பியரும் கட்டுப்பாட்டுக் கருவி 0.2 அம்பியரும் கொள்ளுமாயின், 13 மணித்தியாலத்துக்கு 9.1 அம்பியர்-மணி வேண்டப்படும். பெருவழக்கிலுள்ள 12 வோல்ற்று, 7 அம்பியர்-மணி ஈய அமிலக் கலம் இதற்குப் போதாது. மூப்பினால் கொள்ளளவு குன்றுமாதலின் நான்கிலொரு பங்கு கூட்டி, 12 அம்பியர்-மணிக் கலத்தைத் தெரிதல் தகும். வெப்பம் கலத்தின் ஆயுளைக் குறைக்கும். மலைநாட்டின் குளிர்ச்சி அதனை நீட்டும். எனினும், மின்சாரத்தைத் துண்டித்து ஆண்டுதோறும் சோதித்தல் கடன்.

ஈண்டு மறக்கலாகாதது ஒன்றுண்டு. தீ நேருங்கால் மின்சாரம் அற்றாலும், மின்காந்தப் பூட்டைக் கலத்தின் வலு மூடியே வைத்திருக்கும். எனவே தீ எச்சரிக்கைக் கருவி, கலத்திலிருந்து பூட்டுக்குச் செல்லும் மின்னோட்டத்தையும் உடன் துண்டிக்குமாறு அமைத்தல் வேண்டும். பொருளைக் காக்கும் பூட்டு உயிரைச் சிறைப்படுத்தலாகாது.