மயில்மீது மறைந்த முருகன்

திண்டுக்கல் கோட்டைமலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் திருவிழா வந்தால், விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நடப்பதை இன்றும் காண்கிறோம். முருகன் தோன்றும்போதெல்லாம் நமக்கு எஸ். எஸ். விசுவநாததாஸின் நினைவே எழுகிறது.

1886-ல் சிவகாசியில் பிறந்தவர் அவர். நாவிதர் குலத்தவர் என்பதற்காக உடன் நடிக்க மறுத்த நடிகைகளும் உண்டு. அவர் தளரவில்லை. தினைப்புனக் காட்சியில் வெள்ளைக் கொக்கைப் பாடினார். அது எந்த வெள்ளையென்று ஜனங்கள் புரிந்துகொண்டனர். போலீஸாரும் புரிந்துகொண்டனர்! பன்முறை சிறை சென்றார். மீண்டதும் அதே மேடை, அதே பாட்டு.

1940 டிசம்பர் 31 அன்று, சென்னை ராயல் தியேட்டரில், முருகனாக மயில்மீது அமர்ந்து பாடுகையிலேயே உயிர் நீத்தார். 1947-ல் வந்த விடுதலையை அவர் காணவில்லை. காணும் பேறு பெற்ற நாம் அவரை மறத்தல் தகுமோ?