காயஸின் கப்பலும் கடையில் நீட்டும் காகிதமும்

டிவிக்குப் பணம் கட்டப் போகும்போதுதான் அந்தக் கேள்வி வரும். "சார், இன்னும் ரெண்டு வருஷத்துக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுரலாமா? மூவாயிரத்து இருநூறுதான்." 40,000 ரூபாய்ப் பொருள். பில் போடுபவர் காத்திருக்கிறார். பின்னால் வரிசை நிற்கிறது. பயத்திலோ கூச்சத்திலோ ஏதோ ஒரு பதில் சொல்லிவிடுகிறோம்.

இதற்கான கணக்கை ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் போட்டு வைத்திருக்கிறார். பள்ளி இயற்பியலில் பெர்னூலி தத்துவம் படித்தவர்களுக்கு அவரைத் தெரியும்: டேனியல் பெர்னூலி. ஓடும் திரவங்களைப் பற்றிய அவருடைய நூல் 1738இல் வெளிவந்தது. அதே ஆண்டில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் இதழில், லத்தீனில் அவர் எழுதிய இன்னொரு கட்டுரையும் அச்சேறியது. அதில் காயஸ் என்றொரு கற்பனை வணிகர் வருகிறார்.

காயஸ் ஆம்ஸ்டர்டாமில் சரக்கு வாங்கியிருக்கிறார். பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்தால் அது 10,000 ரூபிளுக்கு விலைபோகும். அந்தப் பருவத்தில் அந்த வழியே கிளம்பும் 100 கப்பல்களில் 5 கரை சேர்வதில்லை. காப்பீடு செய்யலாமென்றால் 800 ரூபிளுக்குக் குறைந்து யாரும் தரவில்லை.

நூற்றுக்கு ஐந்து என்றால், சராசரியாக வரக்கூடிய இழப்பு 500 ரூபிள். அதற்கு 800 கொடுப்பது 300 நஷ்டம். எல்லாக் காப்பீடும் இப்படித்தான்: நிறுவனத்தின் வாடகை, சம்பளம், கமிஷன், லாபம் எல்லாமே அந்தக் கூடுதல் தொகையிலிருந்துதான் வரவேண்டும். சராசரியை மட்டும் பார்த்தால் உலகத்தில் யாருமே காப்பீடு எடுக்கக் கூடாது.

பெர்னூலி கேட்டது வேறு கேள்வி. இந்தச் சரக்கைத் தவிர காயஸிடம் எவ்வளவு பணம் இருக்கிறது?

2,000 ரூபாய் வைத்திருப்பவருக்கு ஆயிரம் ரூபாய் தொலைவதும், லட்சம் வைத்திருப்பவருக்கு அதே ஆயிரம் தொலைவதும் ஒன்றல்ல. கையில் இருப்பது எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்கு ஒவ்வொரு ரூபாயின் கனமும் கூடுகிறது. இந்தக் கனத்தை அவர் மடக்கையால் (லாகரிதம்) அளந்தார். விடை வந்தது: காயஸிடம் வேறு 5,043 ரூபிளுக்கு மேல் இருந்தால் காப்பீடு வேண்டாம்; குறைவாக இருந்தால் 800 கொடுப்பதே புத்திசாலித்தனம்.

அவர் அதோடு நிற்கவில்லை. அந்தக் காப்பீட்டை ஒரு தனிமனிதர் விற்பதானால் அவரிடம் எவ்வளவு இருக்க வேண்டும்? 14,243 ரூபிள். அதாவது 3,000 ரூபிள் உள்ள காயஸும் 20,000 உள்ள விற்பவரும் ஒரே காகிதத்தில் கையெழுத்திட்டால், இருவருக்குமே நன்மை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரே பள்ளம் ஒருவருக்குக் கணுக்கால் ஆழமாகவும் இன்னொருவருக்குக் கழுத்தளவாகவும் இருப்பதால்தான் இது நடக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

இந்தக் கணக்கில் விகிதங்கள்தான் முக்கியம். ரூபிளோ ரூபாயோ, விடை மாறாது. அந்த டிவியையே எடுத்துக்கொள்வோம். கேட்கும் தொகை விலையில் 8 சதவீதம், காயஸின் கப்பலுக்குக் கேட்டது போலவே. டிவி அடியோடு போய்விட வாய்ப்பு, பேச்சுக்கு, நூற்றில் ஐந்து. அப்படியானால் வேறு 20,172 ரூபாய்கூடக் கையில் இல்லாதவருக்குத்தான் அந்த வாரண்டி தேவை. டிவி பெரும்பாலும் அடியோடு போவதில்லை, ரிப்பேருக்குத்தான் வரும் என்பதால் அந்த எல்லை இன்னும் கீழே இறங்கும்.

பொறியாளர்கள் சொல்லும் குளியல் தொட்டி வளைவும் இங்கே நினைவில் கொள்ளத்தக்கது. எலெக்ட்ரானிக் பொருட்கள் தொடக்கத்தில் அதிகம் பழுதாகும். பிறகு பல ஆண்டுகள் அமைதியாக ஓடும். தேய்ந்த பின் மறுபடி பழுது ஏறும். தொடக்கப் பழுதுகளை நிறுவனத்தின் சொந்த வாரண்டியே பார்த்துக்கொள்கிறது. நாம் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் ஆண்டுகள் பெரும்பாலும் தொட்டியின் தட்டையான அடிப்பாகத்தில் விழுகின்றன.

மருத்துவமனைக்கு இதே கணக்கைக் கொண்டுபோனால் விடை தலைகீழாகிறது. 12 லட்சம் ரூபாய் சேமிப்புள்ள குடும்பத்துக்கு 10 லட்சத்துக்கு பில் வந்தால் மிஞ்சுவது 2 லட்சம். காயஸின் எல்லைப்படி, காப்பீடு வேண்டாம் என்று சொல்ல இங்கே 5 லட்சத்துக்கு மேல் மிஞ்ச வேண்டும். சராசரியில் நஷ்டம் என்று தெரிந்தும் எடுக்க வேண்டிய காப்பீடு இது. ஆனால் டிவிக்கு வாரண்டி போட்டுவிட்டு, "நமக்கெல்லாம் என்ன வந்துடப் போகுது" என்று மருத்துவக் காப்பீட்டைத் தள்ளிவைக்கும் வீடுகளை நிறையப் பார்க்கிறேன். அது எனக்கு வருத்தம் தருகிறது.

சின்னப் பொருள் என்றாலே வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியாது. பைக்கில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் ஓர் இளைஞர் 15,000 ரூபாய்க்கு செல்போன் வாங்குகிறார். கையில் மீதி 5,000. அவருடைய எல்லை 7,565 ரூபாய். அதற்குக் கீழேதான் நிற்கிறார். போன் போனால் அன்றைய வருமானமும் போகும். அதே 8 சதவீதக் கணக்கில் வாரண்டிக்குக் கொடுக்கும் 1,200 ரூபாய் அவருக்கு வீண்செலவில்லை. ஆனால் வாரண்டி என்ற பெயரில் விற்கப்படுவதில் பெரும்பாலானவை தயாரிப்புக் குறைகளை மட்டுமே ஏற்கும். அதனால் பணத்தை நீட்டுமுன் அவர் ஒன்று கேட்க வேண்டும்: "அண்ணா, கீழ விழுந்து டிஸ்ப்ளே உடைஞ்சா, மழையில நனைஞ்சா, இதுல வருமா?"