தடை நீங்கிய டி செல்கள்

"உடம்பில் எதிர்ப்பு சக்தியே இல்லையா டாக்டர்?" என்று புற்றுநோயாளிகள் பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் இருக்கிறது. பல கட்டிகளைத் திசுப் பரிசோதனை செய்தால் உள்ளேயே நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்கள் தென்படும். வந்து சேர்ந்தவை ஏன் தாக்கவில்லை?

இரண்டு சைகைகள்

டி செல்கள் மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்கின்றன. புற்றணுவின் புரதத் துணுக்கை டென்ட்ரிடிக் செல்கள் நிணநீர்க் கணுவுக்கு எடுத்துவந்து காட்டும். துணுக்கு பொருந்தினாலும் டி செல் உடனே கிளம்பாது. அதன் மேலுள்ள சிடி28 என்ற புரதம் வழியாக இரண்டாவது சைகையும் வந்தாக வேண்டும். வராவிட்டால் செயலற்றுப் போகும். சொந்த உறுப்புகளையே தாக்கிவிடக் கூடாதே, அதற்காகத்தான் இவ்வளவு கண்டிப்பு.

கட்டி அழுத்தும் பிரேக்

கிளம்பிய டி செல்லிலேயே அதை நிறுத்தும் பிரேக்குகளும் உண்டு. சிடிஎல்ஏ-4 என்ற புரதம், சிடி28 பெற வேண்டிய சைகையைத் தட்டிப் பறிக்கும். பிடி-1 இன்னொன்று. அதை அழுத்தும் பிடி-எல்1 புரதத்தைப் பல புற்றணுக்கள் தங்கள் மேற்பரப்பில் ஏந்தியிருக்கின்றன. நெருங்கும் டி செல் அதைத் தொட்டதும் தளர்ந்துவிடும். போதாததற்கு, மற்ற டி செல்களை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களும் கட்டிக்குள் கூடிவிடுகின்றன.

தடையை விலக்கும் மருந்து

ஜப்பானின் தசுக்கு ஹோன்ஜோ குழு 1992இல் பிடி-1ஐக் கண்டறிந்தது. சிடிஎல்ஏ-4ஐத் தடுத்தால் கட்டி கரைவதை அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசன் குழு 1996இல் எலிகளில் காட்டியது. இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் மூளைவரை பரவியிருந்த முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், 2015இல் கதிர்வீச்சோடு, பிடி-1ஐத் தடுக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தும் எடுத்துக்கொண்டார். அப்போது வயது 90. நூறு வயதைக் கண்ட பிறகே மறைந்தார். எல்லோருக்கும் இப்படிப் பலிப்பதில்லை; பலருக்கு இந்த மருந்துகள் வேலையே செய்வதில்லை. யாருக்குப் பலன் தரக்கூடும் என்பதைக் கணிக்க, கட்டியில் பிடி-எல்1 அளவு போன்ற சோதனைகளைச் செய்கிறார்கள்.

வயிற்றுப்போக்கை அலட்சியம் செய்யாதீர்கள்

பிரேக் விலகிய டி செல்கள் குடல், நுரையீரல், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றையும் தாக்கலாம். மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்துக்கூட இது வரும். ஓயாத வயிற்றுப்போக்கு, மூச்சிரைப்பு, வறட்டு இருமல், கடும் சோர்வு, மஞ்சள் காமாலை என எது வந்தாலும் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்காமல், புற்றுநோய் மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள். சீக்கிரம் தெரிந்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டு மருந்தால் அடக்கிவிடலாம். வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தாலும், இந்தச் சிகிச்சை எடுத்ததை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.