மீண்டும் வாங்க முடியாதவற்றுக்கு ஒரு பெட்டகம்

வீட்டுக் கோப்புச் சேமிப்பகத்தைப் புதுப்பிக்கும்போது எதற்கு முதலில் செலவிட வேண்டும்?

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் மொழிவழியே திருத்தப்பட்டபோது, சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மலை மாதேஸ்வரர் மலைக்குச் செல்லும் சாலையில் உள்ள கௌதள்ளியும் அவ்வாறு மாநிலம் மாறிய ஊர்களுள் ஒன்று. நெடுங்காலம் மைசூரு மாவட்டத்தில் இருந்த அப்பகுதி, 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதனோடு சேர்ந்தது.

மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். அவர்களுடைய ஆவணங்களுக்கு உரிய அலுவலகங்களே மாறின. ஆகவே இப்பகுதியின் பழைய குடும்பம் ஒன்றின் தகரப்பெட்டியைத் திறந்தால், பாட்டனார் காலத்துத் தமிழ்ப் பத்திரமும், பின்னர் வந்த கன்னடப் பஹணியும், கர்நாடக அரசின் ‘பூமி’ திட்டம் நிலப் பதிவேடுகளைக் கணினிமயமாக்கியபின் கிடைத்த அச்சுப்படியும் ஒன்றாக இருக்கக்கூடும். இன்று அப்பெட்டியின் உள்ளடக்கம் ஒளிவருடப்பட்டு, திருமண ஒளிப்படங்களோடும் பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்களோடும் வீட்டுக் கணினி ஒன்றில் தங்கியிருக்கிறது. அந்தக் கணினி பழையதாகும்போது என்ன செய்வது என்பதே நம் கேள்வி.

ஒரு குடும்பத்தின் கணக்கு

கௌதள்ளியில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்து கொள்வோம். பெற்றோர் ஊரில் இருக்கின்றனர். மகன் மைசூரிலும் மகள் திருப்பூரிலும் வேலை பார்க்கின்றனர். கூடத்து மூலையில் பத்தாண்டுப் பழைய மேசைக்கணினி ஒன்று இரவும் பகலும் ஓடுகிறது. குடும்பத்தினரின் கைபேசிப் படங்கள் அனைத்தும் அதிலுள்ள இரண்டு டெராபைட் ஹார்டு டிஸ்க் ஒன்றில் சேர்கின்றன. அதில் 1.7 டெராபைட் நிரம்பிவிட்டது. அண்மையில் அது அவ்வப்போது விநோதமாக ஒலிக்கவும் தொடங்கியுள்ளது.

இந்நிலையில் பலர் முதலில் நினைப்பது வேகமான புதிய கணினி ஒன்றையே. ஆனால் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி வேறு: இந்தப் பெட்டியில் உள்ளவற்றுள் பணம் கொடுத்து மீண்டும் வாங்க முடியாதவை எவை? திரைப்படங்களையும் மென்பொருள்களையும் மறுபடி பெறலாம். மறைந்த பாட்டியின் குரல் பதிவையும், எழுத்து மங்கிவரும் பத்திரத்தின் தெளிவான படத்தையும் பெற இயலாது. அத்தகையவற்றைக் காப்பதற்கே செலவின் முதற்பங்கு செல்ல வேண்டும்.

படியெடுத்து வைத்தலின் மதிப்பு

படிகளின் அருமையை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மைசூரில் இயங்கும் இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவில், கற்களின்மீது தாளை ஒற்றி எடுக்கப்பட்ட மைப்படிகள் பல்லாயிரம் பேணப்பட்டு வந்துள்ளன. அவற்றுள் பெருந்தொகையானவை தமிழ்க் கல்வெட்டுகளுக்கு உரியவை. மூலக்கல் சிதைந்தோ காணாமலோ போன இடங்களில் அந்த மைப்படியே எஞ்சிய சான்று. ஆயினும் தாளும் அழியக்கூடியதே. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றும்படி உத்தரவிட்டபோது, அவற்றின் பாதுகாப்பு பொதுமக்களின் கவனத்துக்கு வந்தது. கல்லில் வெட்டிய எழுத்துக்கே படி தேவைப்பட்டதென்றால், ஹார்டு டிஸ்க்கில் உள்ள எழுத்துக்கு அது எத்துணை தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஹார்டு டிஸ்க்: அளவும் வகையும்

கௌதள்ளி மாநிலம் மாறிய அதே 1956-ஆம் ஆண்டின் செப்டம்பரில்தான் ஐ.பி.எம். நிறுவனம் ‘ராமாக்’ என்னும் கணினியோடு உலகின் முதல் வணிக ஹார்டு டிஸ்க்கை அறிமுகப்படுத்தியது. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகளைக் கொண்ட அந்தப் பெருங்கருவியில் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் எழுத்துகளே அடங்கின. இன்றைய கைபேசிப் படம் ஒன்றிரண்டுக்கே அது போதும். கருவி சுருங்கிவிட்டது, சுழலும் தட்டு என்றேனும் ஒருநாள் நிற்கும் என்னும் இயல்பு மாறவில்லை. இலட்சக்கணக்கான ஹார்டு டிஸ்க்குகளை இயக்கும் பேக்பிளேஸ் என்னும் அமெரிக்க நிறுவனம், 2023-இல் தன் டிஸ்க்குகளின் ஆண்டுப் பழுது விகிதம் 1.40 விழுக்காடு என வெளியிட்டது. சிறிய எண்தான். எனினும் அந்தச் சிலவற்றுள் நம்முடையதும் ஒன்றாக இருக்கலாம்.

அளவைக் கணிப்பது எளிது. நம் குடும்பம் ஆண்டுக்கு 200 ஜிகாபைட் சேர்ப்பதாகக் கொண்டால், ஐந்தாண்டில் ஒரு டெராபைட் கூடி மொத்தம் 2.7 டெராபைட் ஆகும். நான்கு டெராபைட் எனப் பெட்டியில் அச்சிட்ட டிஸ்க், கணினியில் 3.63 என்றே தோன்றக்கூடும். உற்பத்தியாளர் ஆயிரத்தின் மடங்கிலும், கணினி 1,024-இன் மடங்கிலும் எண்ணுவதே அதற்குக் காரணம். அதில் ஏமாற்று ஏதும் இல்லை. ஐந்தாண்டின் முடிவிலும் நான்கு டெராபைட் டிஸ்க்கில் கால்பங்கு அளவு இடம் மீதமிருக்கும். அதைவிடப் பெரிதாக வாங்கி வெற்றிடத்துக்குப் பணம் செலுத்த வேண்டியதில்லை.

வகையில்தான் கவனம் வேண்டும். சில டிஸ்க்குகளில் தரவுத் தடங்கள் ஒன்றையொன்று தொடாமல் அருகருகே அமைகின்றன, இவை சி.எம்.ஆர். எனப்படும். வேறு சிலவற்றில் கூரை ஓடுகளைப்போல ஒரு தடத்தின் விளிம்பின்மீது அடுத்த தடம் படிகிறது, இவை எஸ்.எம்.ஆர். வேய்ந்த கூரையின் நடுவே ஓர் ஓட்டை மாற்ற அண்டை ஓடுகளையும் தூக்க வேண்டியிருப்பதுபோல, எஸ்.எம்.ஆர். டிஸ்க்கில் ஒரு பகுதியைத் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் மீண்டும் எழுத வேண்டும். எப்போதோ ஒருமுறை படியெடுத்து வைப்பதற்கு அது போதும். நாள்தோறும் எழுதும் சேமிப்பகத்திலும், பழுதான டிஸ்க்குக்குப் பதிலாகப் புதியதை நிரப்பும்போதும் அது மிகவும் தாமதிக்கும்.

2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், வீட்டுச் சேமிப்பகங்களுக்கான தன் ‘ரெட்’ வரிசையின் சில டிஸ்க்குகள் எஸ்.எம்.ஆர். வகையின என வெளிப்படுத்தியது; அதன்பின் சி.எம்.ஆர். வகைக்கு ‘ரெட் பிளஸ்’ என்னும் பெயரைத் தந்தது. எனவே எந்த நிறுவனத்தின் பொருளாயினும், மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு அதன் விவரத்தாளில் வகையைச் சரிபார்த்தபின் வாங்குவதே முறை. உத்தரவாதக் காலத்தையும், அது இந்தியாவில் செல்லுமா என்பதையும் ரசீதோடு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இரட்டை டிஸ்க் என்பது காப்புப்படி ஆகாது

இரண்டு டிஸ்க்குகளில் ஒரே தரவை ஒரே நேரத்தில் எழுதும் முறையை ‘ரெய்டு’ அமைப்பின் பிரதிபலிப்பு வகை என்பர். ரெய்டு என்னும் பெயர் 1988-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையால் பரவியது. ஒரு டிஸ்க் நின்றாலும் மற்றொன்று பணியைத் தொடரும். பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் நாம் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், அந்த அழிவும் இரண்டிலும் அக்கணமே பிரதிபலிக்கும். மின்னல், திருட்டு, தீ ஆகியவையும் இரண்டையும் ஒருசேரக் கொண்டுபோகும்.

ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய விதி இங்கே துணைசெய்யும்: மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே. நம் குடும்பத்துக்கு இது கடினமன்று. சேமிப்பகத்தில் ஒரு படி. வாரம் ஒருமுறை இணைத்துப் பின் கழற்றிவைக்கும் வெளிப்புற டிஸ்க்கில் ஒரு படி. மைசூரில் உள்ள மகன் வீட்டிலோ வங்கிப் பாதுகாப்புப் பெட்டகத்திலோ மூன்றாம் படி. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஊருக்கு வரும் மகன் அந்த டிஸ்க்கைக் கொணர்ந்து புதுப்பித்துச் செல்லலாம். நீண்டகாலம் அலமாரியில் உறங்கப்போகும் படிக்கு எஸ்.எஸ்.டி. ஏற்றதன்று, மின்னிணைப்பின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதன் தரவு மங்கக்கூடும். எஸ்.எஸ்.டி. இயங்குதளத்தைத் தாங்கட்டும், படிகளை ஹார்டு டிஸ்க் தாங்கட்டும்.

பணம் போதாதெனில், சேமிப்பகத்துக்குள் இரட்டை டிஸ்க் வைப்பதை ஒத்திப்போட்டு, வெளியூர்ப் படியை முதலில் வாங்குவதே அறிவுடைமை.

செயலி, நினைவகம், வலைப்பின்னல்

கோப்புகளை வாங்கி வைத்துத் திருப்பித் தரும் வேலைக்குப் பெரிய செயலி தேவையில்லை. இன்டெல் என்-100 போன்ற குறைந்த மின்செலவுச் செயலியும் எட்டு ஜிகாபைட் ராம் நினைவகமும் ஒரு குடும்பத்துக்குப் போதும். பிழைதிருத்தும் ஈ.சி.சி. நினைவகம் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தால் நன்று. இல்லாமற்போனால் அதற்காகப் படிகளின் பங்கைக் குறைக்க வேண்டா.

வலைப்பின்னலைப் பலர் கவனிப்பதில்லை. பழைய 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 11 மெகாபைட் செல்லும் எனக் கொண்டால், 1.7 டெராபைட் தரவை மாற்ற ஏறத்தாழ 43 மணி நேரம் ஆகும். நொடிக்கு 110 மெகாபைட் தரும் ஜிகாபிட் இணைப்பில் அதே வேலை நான்கேகால் மணியில் முடியும். புதிய கணினியால் கிடைத்ததாக நாம் மகிழும் வேகம், பலவேளைகளில் ஒரு நல்ல கேபிளாலும் ஜிகாபிட் ஸ்விட்சாலும் கிடைக்கக்கூடியதே.

மின்சாரம்: மறைவான செலவு

இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் கருவியின் உண்மை விலை, மின்கட்டணத்தில் தெரியும். 60 வாட் இழுக்கும் பழைய கணினி ஆண்டுக்கு ஏறத்தாழ 526 யூனிட் செலவழிக்கும். 15 வாட் கருவி 131 யூனிட். வேறுபாடு 395 யூனிட். யூனிட்டுக்கு ஏழு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2,765 ரூபாய் மிச்சம். ஐந்தாண்டில் அது 13,825 ரூபாய். கடையில் விலைகளை ஒப்பிடும்போது இத்தொகையையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் தடைப்படுவது தரவுக்குக் கேடு. வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பினும், அதன் சுவிட்ச் ‘நார்மல்’ நிலையில் இருந்தால் மின்மாற்றம் தாமதமாகிக் கணினி அணைந்துபோகலாம், ‘யு.பி.எஸ்.’ நிலையில் வைப்பது நலம். சேமிப்பகத்துக்கெனத் தனி யு.பி.எஸ். வாங்குவது அதனினும் நன்று. யு.எஸ்.பி. கேபிள் வழியாகச் சேமிப்பகத்துக்கு அறிவிப்பு அனுப்பி, பேட்டரி தீருமுன் அதனை முறையாக நிறுத்தும் வகையைத் தேர்ந்தெடுங்கள். சரியான நில இணைப்பும் தரமான எஸ்.எம்.பி.எஸ்.ஸும் இல்லாத இடத்தில் விலையுயர்ந்த டிஸ்க்கைப் பொருத்துவது, பூட்டில்லாத அறையில் நகையை வைப்பதற்கு ஒப்பாகும்.

வாங்கியபின் செய்ய வேண்டியவை

புதிய டிஸ்க்கை வாங்கிய அன்றே நம்பிவிடாமல், முழுப்பரப்பையும் ஒருமுறை எழுதிப் படித்துச் சோதிக்க வேண்டும். நம் குடும்பத்தைப்போல் பழைய டிஸ்க் ஒலிக்கத் தொடங்கியிருந்தால் ஒழுங்கு மாறும்: வேறெதையும் செய்யுமுன், மீண்டும் பெற முடியாத கோப்புகளை அன்றே ஒரு வெளிப்புற டிஸ்க்குக்கு மாற்றிவிட வேண்டும்.

சேமிப்பகத்தை இணையத்தில் நேரடியாகத் திறந்துவைப்பது ஆபத்து. 2022-இல் ‘டெட்போல்ட்’ என்னும் பணயத்தொகை மென்பொருள், அவ்வாறு திறந்திருந்த வீட்டுச் சேமிப்புக் கருவிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. கழற்றிவைத்த டிஸ்க்கை எந்தத் தாக்குதலும் எட்டாது. வங்கிக் கடவுச்சொற்களையும் பின் எண்களையும் சாதாரணக் கோப்பாக எழுதி எங்கும் வைக்கலாகாது. பழைய டிஸ்க்கை விற்குமுன் அல்லது மின்னணுக் கழிவாகக் கொடுக்குமுன் முழுமையாக அழித்தெழுதுங்கள். அதனுள் நம் கணக்கு அறிக்கைகளும் அடையாள ஆவணங்களும் இருந்திருக்கும்.

ஒன்றை நினைவில் இருத்த வேண்டும். ஒளிவருடிய படம் மூலப்பத்திரத்துக்கு ஈடாகாது. வீட்டுக்கடனுக்கோ பாகப்பிரிவினைக்கோ மூலமே கேட்கப்படும். ஆகவே தகரப்பெட்டியும் தன் இடத்தில் பத்திரமாக இருக்கட்டும்.

இறுதியாக, வைப்புக் கணக்குக்கு நியமனதாரரைக் குறிப்பிடுவதுபோல, சேமிப்பகத்தைத் திறக்கும் முறையைக் குடும்பத்தில் இன்னொருவரேனும் அறிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கல் விடுமுறைபோல் அனைவரும் கூடும் நாளில், மூன்றாம் படியிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்துத் திறந்து பாருங்கள். அது திறந்தால் உங்கள் ஏற்பாடு சரியாக இருக்கிறது. திறக்காவிட்டால், மற்ற இரு படிகள் நலமாக உள்ளபோதே குறையை அறிந்துகொண்டீர்கள். அன்றைக்கே அதனைச் சீர்செய்துவிடலாம்.